சோர்சஸ் சாட் அறிவிப்புக்குப் பதில் எழுதுவது எப்படி? அமெரிக்க ஃபெடரல் ஐடி சேவை ஒப்பந்தங்களுக்குப் புதிதாக வரும் சிறு நிறுவனங்களுக்கான வழிகாட்டி

நிறுவனங்களிடம் முன்மொழிவு கேட்டு அரசு விடும் அழைப்பான ஆர்எஃப்பி வெளியாகும் நாளில் முக்கியமான முடிவுகள் பலவும் எடுத்து முடிந்திருக்கும். இந்த ஒப்பந்தம் சிறு நிறுவனங்களுக்கு மட்டும் ஒதுக்கப்படுமா, எல்லோருக்கும் திறந்துவிடப்படுமா? எந்தத் தொழில் குறியீட்டின் கீழ் வரும்? பொதுவில் அறிவிக்கப்படுமா, ஏற்கெனவே நடப்பில் உள்ள ஒரு பெரிய ஒப்பந்தத்தின் வழியாகப் போகுமா? நிலையான விலையா, மணிக்கணக்கா? இதையெல்லாம் ஒப்பந்த அதிகாரி பல வாரங்கள், சில நேரம் பல மாதங்கள் முன்பே, சந்தை ஆய்வின்போது தீர்மானித்துவிடுகிறார். அந்த ஆய்வுக்குள் நீங்கள் நேரடியாக நுழையும் வாசல்தான், இந்த வேலையை யாரால் செய்ய முடியும் என்று தகவல் கேட்டு 'சோர்சஸ் சாட்' அல்லது 'ஆர்எஃப்ஐ' என்ற பெயரில் வரும் அறிவிப்பு.

புதிதாக வருகிறவர்கள் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். "இதில் ஒப்பந்தம் எதுவும் தரமாட்டோம், பதில் தயாரிக்கும் செலவையும் திருப்பித் தரமாட்டோம்" என்று அறிவிப்பிலேயே எழுதியிருப்பதால், எதற்கு வீண் வேலை என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இந்த வேலைதான் பின்னால் வரும் போட்டியின் வடிவத்தையே மாற்றுகிறது.

இரண்டு பேர் விதி

ஃபெடரல் கொள்முதல் விதித்தொகுப்பைத் துறையில் 'ஃபார்' என்பார்கள். அதன் 10-ஆம் பகுதி சந்தை ஆய்வைப் பற்றியது, 19-ஆம் பகுதி சிறு நிறுவனங்களைப் பற்றியது. 2025-இல் தொடங்கிய பெரிய திருத்தப் பணியால் உட்பிரிவு எண்கள் பல இடம் மாறிவருகின்றன. ஆகவே பழைய பயிற்சிக் குறிப்பில் உள்ள எண்ணை அப்படியே மேற்கோள் காட்டாமல், அந்தந்த அலுவலகம் இப்போது எந்த வாசகத்தைப் பின்பற்றுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு முக்கியமானது 'ரூல் ஆஃப் டூ'. எளிய கொள்முதல் வரம்பைத் தாண்டிய ஒரு வேலைக்கு, பொறுப்பான சிறு நிறுவனங்கள் குறைந்தது 2 நியாயமான சந்தை விலையில் போட்டியிடும் என்று ஒப்பந்த அதிகாரி நியாயமாக எதிர்பார்க்க முடிந்தால், அந்த வேலையைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டும். அந்த வரம்பு 2025 அக்டோபர் 1 முதல் 3,50,000 டாலர். ஹெல்ப் டெஸ்க், நெட்வொர்க் பராமரிப்பு போன்ற ஐடி சேவை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இந்த வரம்புக்கு மேல்தான் இருக்கும்.

அதிகாரியின் மேசையிலிருந்து இதைப் பாருங்கள். அவருக்கு 12 பதில்கள் வந்திருக்கின்றன. அதில் 9 வெறும் விளம்பரத் தாள்கள், 2 பெரிய நிறுவனங்களுடையவை, உருப்படியாக இருப்பது உங்களுடையது ஒன்றுதான். இப்போது அவரால் "தகுதியான 2 சிறு நிறுவனங்கள் இருக்கின்றன" என்று எழுத முடியாது. உங்கள் பதில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒதுக்கீடு கிடைக்காமல் போகலாம். அதனால் கேட்க விசித்திரமாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள்: உங்களுக்குத் தெரிந்த, இந்த வேலையை உண்மையிலேயே செய்யக்கூடிய இன்னொரு சிறு நிறுவனத்திடம் அறிவிப்பைக் காட்டி, அவர்களையும் தனியாகப் பதில் அனுப்பச் சொல்லுங்கள். பின்னால் அவர்கள் உங்களுக்குப் போட்டியாக வருவார்கள், உண்மைதான். அவர்களும் எழுதாவிட்டால் நீங்கள் இருவரும் ஒரு பெரிய நிறுவனத்தின் கீழ் சப்-கான்ட்ராக்டராக நிற்க வேண்டியிருக்கும்.

பதிவு சரியாக இருக்கட்டும்

அரசு ஒப்பந்தங்களுக்கான அதிகாரபூர்வப் பதிவுத் தளமான சாம் தளத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்ய எந்தக் கட்டணமும் இல்லை. பணம் கட்டச் சொல்லி வரும் மின்னஞ்சல்கள் எவ்வளவு அதிகாரபூர்வமாகத் தெரிந்தாலும் அவை தனியார் இடைத்தரகர்களுடையவை. பதிவு செய்ததும் எழுத்துகளும் எண்களும் கலந்த 12 இடங்கள் கொண்ட யூஇஐ என்ற நிறுவன அடையாள எண் கிடைக்கும். 2022 ஏப்ரல் 4 முதல் பழைய டன்ஸ் எண்ணுக்குப் பதிலாக இதுதான் புழக்கத்தில் இருக்கிறது. 5 இடங்கள் கொண்ட கேஜ் குறியீடும் சேர்ந்து வரும்.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் நிறுவனச் சரிபார்ப்பு. மாநிலத்தில் பதிவான பெயரும் முகவரியும் நீங்கள் காட்டும் ஆவணமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். முகவரி மாறிய பிறகு மாநிலப் பதிவைப் புதுப்பிக்காமல் இருப்பது, ஆவணத்தில் அறை எண் விடுபட்டிருப்பது போன்ற சின்ன வேறுபாட்டிலேயே வாரக்கணக்கில் நின்றுபோகும். அறிவிப்பைப் பார்த்த பிறகு பதிவைத் தொடங்கினால் கெடு தாண்டிவிடும். 365 நாளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். காலாவதியான நிறுவனத்தை அதிகாரி தேடினால், செயலில் இல்லை என்றே காட்டும்.

அடுத்து 'நெய்க்ஸ்' எனும் தொழில் வகைக் குறியீடுகள். ஐடி சேவைகளுக்கு அதிகம் வருபவை 541511, 541512, 541513, 541519. ஒவ்வொன்றுக்கும் 'சிறு நிறுவனம்' என்பதற்கான உச்சவரம்பைச் சிறு நிறுவனங்களுக்கான அரசு அமைப்பான எஸ்பிஏ வகுத்திருக்கிறது. 541512-க்கு அது 3.4 கோடி டாலர் சராசரி ஆண்டு வரவு, கடைசி 5 ஆண்டுகளின் சராசரி. இந்த அட்டவணை அவ்வப்போது திருத்தப்படுவதால் பதில் அனுப்பும் அன்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்கள் உரிமையின் கீழோ கட்டுப்பாட்டின் கீழோ வேறு நிறுவனம் இருந்தால், அது வெளிநாட்டில் இருந்தாலும், அதன் வரவும் சேர்த்துத்தான் கணக்கு.

அமெரிக்காவில் ஐடி நிறுவனம் நடத்தும் தமிழர்கள் அடிக்கடி குழம்பும் விஷயம் ஒன்று உண்டு. வெறும் 'சிறு நிறுவனம்' என்ற தகுதிக்கு உரிமையாளர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. 8(ஏ) (பின்தங்கியோர் நடத்தும் நிறுவனங்களுக்கானது), ஹப்சோன் (பின்தங்கிய வட்டாரங்களில் உள்ள நிறுவனங்களுக்கானது), பெண்கள் உரிமையுள்ள நிறுவனம் ஆகிய சான்றிதழ்களுக்குக் குடியுரிமை கட்டாயம், பச்சை அட்டை போதாது. 8(ஏ) திட்டத்தில் தெற்காசிய வம்சாவளியினர் சமூகரீதியாகப் பின்தங்கியவர்கள் என்று தானாகவே கருதப்படும் முறை 2023 ஜூலையில் வந்த நீதிமன்றத் தடையோடு நின்றுவிட்டது. அதன் பிறகு தனிப்பட்ட அனுபவத்தைச் சான்றோடு எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது.

தேடுவது எங்கே

சாம் தளத்தின் ஒப்பந்த வாய்ப்புகள் பகுதியில் அறிவிப்பு வகையாக 'சோர்சஸ் சாட்' என்பதையும் 'ஸ்பெஷல் நோட்டீஸ்' என்பதையும் தேர்ந்தெடுங்கள். ஆர்எஃப்ஐ இரண்டில் எதன் கீழும் வரலாம். நெய்க்ஸ் குறியீட்டை மட்டும் வைத்துத் தேடாமல், சேவை வகையைச் சொல்லும் பிஎஸ்சி குறியீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெல்ப் டெஸ்க், பயனர் ஆதரவு என்றால் டிஇ01, சேவை மேலாண்மை என்றால் டிடி01, நெட்வொர்க் என்றால் டிஜி01, கணினிப் பாதுகாப்பு என்றால் டிஜே01. இவை 2020 அக்டோபரில் வந்தவை. அதற்கு முந்தைய ஒப்பந்தங்களைத் தேடும்போது டி3 என்று தொடங்கும் பழைய குறியீடுகளைப் போட வேண்டும், இல்லாவிட்டால் பாதி வரலாறு கண்ணில் படாது.

தேடலைச் சேமித்து வைத்தால் புதிய அறிவிப்புகள் மின்னஞ்சலில் வரும். பதில் தர ஒன்றிரண்டு வாரமே கிடைப்பது வழக்கம். வாரத்துக்கு ஒருமுறை பார்க்கும் பழக்கம் இதற்குப் போதாது.

எல்லாம் சாமில் வந்துவிடுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அரசுத் துறைகளுக்கான பொதுக் கொள்முதல் அமைப்பான ஜிஎஸ்ஏவின் பல்வகை விலைப்பட்டியல் ஒப்பந்தம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் 'ஈ-பை' தளத்தில் ஆர்எஃப்ஐ வரும். வெளியில் இருப்பவர்கள் அதைப் பார்க்கவே முடியாது.

அறிவிப்பை வாசிக்கும் முறை

முதல் வாசிப்பில் பணி விவரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்ற கேள்விப் பட்டியலுக்குப் போங்கள். அதிகாரி எதைத் தீர்மானிக்கப் பார்க்கிறார் என்பது கேள்விகளிலேயே தெரியும்.

ஆணைகள் தருவதற்காக ஏற்கெனவே போட்டுவைத்த பெரிய ஒப்பந்தங்களை 'ஒப்பந்த வாகனங்கள்' என்பார்கள். "எந்தெந்த ஒப்பந்த வாகனங்கள் உங்களிடம் உள்ளன?" என்ற கேள்வி இருந்தால், வேலை ஜிஎஸ்ஏ பட்டியல் வழியாகவோ, 8(ஏ) ஸ்டார்ஸ் 3, அலையன்ட் 2 போன்ற பெரிய ஒப்பந்தங்கள் வழியாகவோ போக வாய்ப்பு இருக்கிறது. உங்களிடம் எதுவும் இல்லையென்றால், வைத்திருக்கும் நிறுவனம் ஒன்றோடு கைகோக்கும் பேச்சை அன்றே தொடங்குங்கள். "வேலையில் எத்தனை விழுக்காட்டை நீங்களே செய்வீர்கள்?" என்று கேட்டிருந்தால் ஒதுக்கீடு பற்றிய யோசனை நடக்கிறது. "வழக்கமாக இந்தச் சேவை வணிகச் சந்தையில் எப்படி விலையிடப்படுகிறது?" என்றால் ஒப்பந்த வகை இன்னும் முடிவாகவில்லை.

"ஒரே நிறுவனத்துக்குத் தரப்போகிறோம், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்" என்ற தொனியில் வரும் அறிவிப்பு வேறு ரகம். அதற்குப் பொதுவான பதில் எடுபடாது. அவர்கள் சொல்லும் காரணத்தை வரிவரியாக எடுத்து, அதே வேலையை நீங்கள் செய்திருக்கும் சான்றை எதிரில் வைக்க வேண்டும்.

இப்போது யார் செய்கிறார்கள்?

ஐடி ஆதரவு வேலை எதுவும் வெறும் தரையில் தொடங்குவதில்லை, பெரும்பாலும் ஏற்கெனவே ஒருவர் செய்துகொண்டிருப்பார். அறிவிப்பில் நடப்பு ஒப்பந்த எண் இருந்தால் அதை அரசுச் செலவுகளைக் காட்டும் யூஎஸ்ஏஸ்பெண்டிங் தளத்தில் போட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் அலுவலகத்தின் பெயர், பிஎஸ்சி குறியீடு, வேலை நடக்கும் இடம் மூன்றையும் வைத்துத் தேடுங்கள்.

ஒப்பந்த எண்ணே நிறையச் சொல்லும். முதல் 6 இடங்கள் கொள்முதல் அலுவலகத்தின் குறியீடு. 7-ஆவதும் 8-ஆவதும் நிதியாண்டு. 9-ஆவது இடத்தில் ஓர் எழுத்து இருக்கும்: சி என்றால் தனி ஒப்பந்தம், டி என்றால் பல ஆணைகளுக்கு இடம் தரும் ஒப்பந்தம், ஏ என்றால் அடிக்கடி வாங்குவதற்காக முன்கூட்டியே செய்துவைக்கும் பிபிஏ உடன்பாடு, எஃப் என்றால் அப்படிப்பட்ட ஒன்றின் கீழ் வந்த ஆணை. நடப்பு வேலை எஃப் ஆணையாக இருந்தால், தாய் ஒப்பந்தம் எது என்று உடனே பாருங்கள். அடுத்த முறையும் அதே வழியில் போகும் சாத்தியம் அதிகம்.

எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, எத்தனை திருத்தங்கள், எப்போது முடிகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு அடிப்படை ஆண்டும் 4 விருப்ப ஆண்டுகளும் என்பது பரவலான அமைப்பு. நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்கி செப்டம்பர் 30-இல் முடிகிறது. பாதுகாப்புத் துறையின் தரவு 90 நாள் தாமதமாகவே பொதுவெளிக்கு வரும் என்பதால், அங்கே சமீபத்திய மூன்று மாதம் காலியாகத் தெரிந்தால் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

பதிலின் முதல் பக்கம்

உங்கள் பதிலைப் படிப்பவர் அதிலிருந்து ஒரு சந்தை ஆய்வு அறிக்கை எழுதப்போகிறார். அவர் அப்படியே எடுத்து ஒட்டக்கூடிய வாக்கியங்களைத் தருவதுதான் உங்கள் வேலை. இதை மனத்தில் வைத்தால் எதை எழுதுவது, எதை விடுவது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முதல் பக்கத்தில் நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, யூஇஐ, கேஜ் எண். அறிவிப்பில் உள்ள அதே நெய்க்ஸ் குறியீட்டின் கீழ் நீங்கள் சிறு நிறுவனமா என்ற நேரடியான பதில். சான்றிதழ்கள், அவற்றின் காலாவதி தேதி. ஒப்பந்த வாகனங்கள், அவற்றின் எண். பாதுகாப்பு அனுமதி நிலை. தொடர்பு கொள்ள வேண்டியவர். கடைசியாக ஒரு வரி: "இந்த வேலை சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டால் நாங்கள் பிரைமாகப் போட்டியிடுவோம்." பிரைம் என்றால் அரசோடு நேரடியாக ஒப்பந்தம் செய்யும் முதன்மை நிறுவனம். இந்த வரியை விட்டுவிடாதீர்கள். திறமை இருக்கிறது என்பதும் போட்டியிடுவார்கள் என்பதும் வேறு வேறு. அதிகாரிக்கு இரண்டாவதும் எழுத்தில் வேண்டும்.

அனுபவத்தை எப்படி எழுதுவது

பல பதில்கள் கவிழ்வது இந்த இடத்தில்தான். "எங்கள் நிறுவனம் உலகத் தரம் வாய்ந்த முழுமையான ஐடி தீர்வுகளை வழங்குகிறது" என்ற வாக்கியத்தை வைத்து அதிகாரி எதையும் நிறுவ முடியாது. அதே இடத்தில் இப்படி எழுதினால், எண்களை மாதிரிக்காக வைத்துச் சொல்கிறோம், அவருக்குப் பயன்படும்:

"வாடிக்கையாளர்: ஒரு மாநில அரசுத் துறை. பங்கு: பிரைம். காலம்: 2022 மார்ச் முதல் இன்றுவரை. மதிப்பு: ஆண்டுக்கு 19 லட்சம் டாலர். அளவு: 11 இடங்களில் 3,200 பயனர்கள், மாதம் 2,900 டிக்கெட். ஆட்கள்: 14 பேர், அதில் 11 பேர் எங்கள் நேரடி ஊழியர்கள். முதல் தொடர்பிலேயே தீர்த்தது 71 விழுக்காடு. இது உங்கள் பணி விவரத்தின் 3.1, 3.2, 3.4 பிரிவுகளுக்கு ஒப்பானது."

கடைசி வாக்கியம்தான் பாலம். எந்தப் பிரிவுக்கு எந்த அனுபவம் என்று ஓர் அட்டவணை போடுங்கள்: இடதுபுறம் அவர்களுடைய பிரிவு எண், நடுவில் நீங்கள் செய்த வேலை, வலதுபுறம் அதை யார் செய்தார்கள், நீங்களா கூட்டாளியா. ஏதாவது ஒரு பிரிவில் அனுபவம் இல்லையென்றால் அங்கே கூட்டாளியின் பெயரையும் அனுபவத்தையும் எழுதுங்கள். காலியாக விட்டால் எல்லாப் பதில்களையும் ஒப்பிடும்போது உங்கள் வரிசையில் 'இல்லை' என்றே விழும்.

அளவு ஒத்துப்போவதும் முக்கியம். 200 பேருக்கு ஹெல்ப் டெஸ்க் நடத்திய அனுபவத்தை 20,000 பேர் உள்ள அலுவலகத்துக்குக் காட்டினால், எப்படிப் பெருக்குவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆள் எடுக்கும் வேகம், சம்பளப் பணம் எங்கிருந்து வரும் என்பது உட்பட. அரசு சரியான பில் கிடைத்து 30 நாளில் பணம் தருவது பொது விதி. முதல் மாத வேலை, பில், ஒப்புதல் எல்லாம் கூட்டினால் இரண்டு மூன்று மாதச் சம்பளத்தை உங்கள் கையிலிருந்து கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். வங்கியின் கடன் வரம்புக் கடிதம் இருந்தால் ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

பாதி வேலை விதி

சிறு நிறுவன ஒதுக்கீட்டில் சேவை ஒப்பந்தம் கிடைத்தால், அரசு உங்களுக்குத் தரும் தொகையில் 50 விழுக்காட்டுக்கு மேல், அதே தகுதி இல்லாத நிறுவனங்களுக்குச் சப்-கான்ட்ராக்டாகப் போகக் கூடாது. சாதாரணச் சிறு நிறுவன ஒதுக்கீடு என்றால் இன்னொரு சிறு நிறுவனத்துக்குக் கொடுப்பது இந்தக் கணக்கில் வராது. 8(ஏ) ஒதுக்கீடு என்றால் அந்த இன்னொருவரும் 8(ஏ) ஆக இருக்க வேண்டும். "80 விழுக்காடு வேலையை எங்கள் பெரிய கூட்டாளி செய்வார்" என்று சந்தை ஆய்விலேயே எழுதிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பதிலை அதிகாரி 'தகுதியான சிறு நிறுவனம்' என்ற எண்ணிக்கையில் சேர்க்க முடியாது.

கணக்குப் போட்டுக் காட்டுங்கள்

ஐடி ஆதரவு வேலையைப் புரிந்தவர் இவர் என்று ஒரே பக்கத்தில் காட்டக்கூடியது ஆள்கணக்கு. எடுத்துக்காட்டுக்கு இரண்டு.

24 மணி நேரமும் ஓர் இருக்கையில் ஆள் இருக்க வேண்டும் என்கிறது அறிவிப்பு. ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம். ஓர் ஊழியரின் சம்பள நேரம் 2,080 மணி. அதில் 11 ஃபெடரல் விடுமுறைகளுக்கு 88 மணி, விடுப்புக்கும் பயிற்சிக்கும் 112 மணி கழித்தால் 1,880 மிஞ்சும். 8,760-ஐ 1,880-ஆல் வகுத்தால் 4.66. ஆக ஒரே ஓர் இருக்கைக்கு 5 பேர் வேண்டும். இரவில் ஒருவர் கழிப்பறைக்குப் போனாலும் அழைப்பு தவறக் கூடாது என்றால் 2 இருக்கை, 10 பேர். அறிவிப்பில் "24 மணி நேர ஹெல்ப் டெஸ்க், 4 ஊழியர்கள்" என்று இருந்தால், அது நடக்காது என்பதை இந்தக் கணக்கோடு மரியாதையாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது, டிக்கெட் கணக்கு. மாதம் 6,000 டிக்கெட், ஒவ்வொன்றுக்கும் சராசரி 12 நிமிடம் என்றால் 1,200 மணி நேரம். ஓர் ஊழியருக்கு மாதம் சுமார் 157 மணி. அதில் 75 விழுக்காடுதான் டிக்கெட்டில் செலவாகும் என்று வைத்தால் 118 மணி. 1,200-ஐ 118-ஆல் வகுத்தால் 10.2. திங்கட்கிழமை காலையில் கடவுச்சொல் மறந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பார்கள் என்பதால் 11 அல்லது 12 என்று வைப்பதுதான் பாதுகாப்பு. இந்தக் கணக்குக்கு வேண்டிய எண்கள் அறிவிப்பில் இல்லையென்றால், கடைசி 12 மாத டிக்கெட் தரவை, வகைவாரியாகவும் மணிவாரியாகவும், ஆர்எஃப்பியோடு வெளியிடுமாறு கேளுங்கள். இது இல்லாமல் நிலையான விலை கேட்டால், நடப்பு நிறுவனத்துக்கு மட்டுமே உண்மையான செலவு தெரியும். மற்றவர்கள் பயத்தில் விலையை ஏற்றுவார்கள், அல்லது தெரியாமல் குறைத்துவிட்டு நடுவில் தத்தளிப்பார்கள். இரண்டிலும் அரசுக்கே நஷ்டம் என்பதைச் சொன்னால் அதிகாரிகள் காது கொடுப்பார்கள்.

உத்தேச விலை கேட்டிருந்தால் ஒரே எண்ணாகத் தராமல் வரம்பாகத் தாருங்கள், என்ன அனுமானத்தில் என்பதையும் எழுதுங்கள். ஜிஎஸ்ஏவின் ஒப்பந்த விலைத் தேடலில் பிற நிறுவனங்களின் மணி விகிதங்களைப் பார்க்கலாம், ஆனால் அவை உச்ச விலைகள், உண்மையில் பில் செய்யப்படுவது அதைவிடக் குறைவாக இருப்பது சகஜம். சேவை ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் பொருந்தும் இடத்தில், கணினி ஆதரவுத் தொழில்நுட்பர் போன்ற பணிகளுக்கு அந்தந்த வட்டாரத்துக்கான குறைந்தபட்சக் கூலியும் சலுகைத் தொகையும் நிர்ணயிக்கப்பட்டிருக்கும். அதைப் பார்க்காமல் விலை சொன்னால் பின்னால் கையைக் கடிக்கும்.

ஆலோசனை சொல்லும் இடம்

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். பணி விவரத்தில் மாற்றம் வேண்டும் என்றால் இப்போதுதான் சொல்ல வேண்டும். ஆர்எஃப்பி வந்தபின் கேள்வி நேரத்தில் கேட்டால் "அப்படியே இருக்கும்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

முதலில் நெய்க்ஸ் குறியீடு. 541519-இல் ஒரு விதிவிலக்கு உண்டு: பொருளும் சேவையும் கலந்து விற்கும் ஐடி மறுவிற்பனையாளர்களுக்கு, வருமான வரம்புக்குப் பதில் 150 ஊழியர்கள் என்ற வரம்பு. ஆனால் அதைப் பயன்படுத்த, சேவையின் பங்கு ஒப்பந்த மதிப்பில் 15 விழுக்காட்டுக்குக் குறையாமலும் 50 விழுக்காட்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். முழுக்க முழுக்க ஆள்பலம் கேட்கும் ஹெல்ப் டெஸ்க் வேலைக்கு இந்த விதிவிலக்கைப் போட்டிருந்தால் அது தவறு. இப்போது ஒரு பத்தியில் காரணத்தோடு சுட்டிக்காட்டுவது எளிது. ஆர்எஃப்பி வந்தபின் என்றால் 10 நாளுக்குள் எஸ்பிஏவின் மேல்முறையீட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

அடுத்து, தேவையில்லாமல் போட்டியைச் சுருக்கும் நிபந்தனைகள். பாதுகாப்பு அனுமதி உள்ள நிறுவனம் வேண்டும் என்று கேட்டிருந்தால், எந்தப் பணிக்கு என்று கேளுங்கள். அந்த அனுமதியை நிறுவனம் தானாக விண்ணப்பித்து வாங்க முடியாது; அரசோ அனுமதி பெற்ற ஒப்பந்ததாரரோ முன்மொழிய வேண்டும். முதல் நிலை டிக்கெட் எடுப்பவருக்கு அது தேவையில்லை என்றால், தேவைப்படும் பதவிகளை மட்டும் தனியாகக் குறிக்கச் சொல்லலாம். பாதுகாப்புத் துறை வேலைகளில் சிஎம்எம்சி என்ற இணையப் பாதுகாப்புத் தர நிபந்தனை 2025 நவம்பர் 10 முதல் படிப்படியாக ஒப்பந்தங்களில் வரத் தொடங்கியிருக்கிறது. அதன் இரண்டாம் நிலைக்கு 110 பாதுகாப்புத் தேவைகளை நிறைவேற்ற வேண்டும். எந்த நிலை, சுய மதிப்பீடா வெளி மதிப்பீடா, எந்தத் தேதிக்குள் என்று கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். உங்களால் இன்று எந்த நிலையில் இருக்க முடிகிறது என்பதை மிகைப்படுத்தாமல் எழுதுங்கள். இல்லாத இணக்கத்தை இருப்பதாகச் சொல்வது பொய்க் கோரிக்கைச் சட்டம்வரை இழுத்துச் செல்லும்.

மாற்றக் காலத்தையும் விடாதீர்கள். பழைய நிறுவனத்திடமிருந்து வேலையைக் கைமாற்ற 30 நாள் என்று இருந்தால், பின்னணிச் சோதனையும் அடையாள அட்டையும் முடிந்து ஊழியர் கணினியில் நுழையவே அதைவிட அதிக நாள் ஆகும் என்பதை எடுத்துச் சொல்லி, 60 முதல் 90 நாள், தனி விலை வரிசையோடு கேளுங்கள். விலை வகையில், எண்ணிக்கை தெரிந்த ஹெல்ப் டெஸ்குக்கு நிலையான விலையும், எப்போது எவ்வளவு வரும் என்று தெரியாத கூடுதல் பணிகளுக்கு மணிக்கணக்கும் என்ற கலவை இரு தரப்புக்கும் பொருந்தும் என்பது எங்கள் கருத்து.

ஆலோசனை சொன்னதாலேயே போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்களோ என்று சிலர் தயங்குகிறார்கள். சந்தை ஆய்வில் எல்லோரையும் போலக் கருத்துச் சொல்வது நலமுரண் ஆகாது. அரசுக்காகப் பணம் பெற்று, பணி விவரத்தையே எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் வைத்திருந்தால்தான் அந்தச் சிக்கல்.

அனுப்பும் நாள்

பக்க வரம்பு 10 என்றால் 10தான். அட்டைப் பக்கம் அதில் சேருமா என்று அறிவிப்பில் பாருங்கள். எழுத்தின் அளவு, கோப்பு வகை, மின்னஞ்சலின் தலைப்பு வரி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் எழுத்துப் பிசகாமல் அப்படியே செய்யுங்கள். நேரம் எந்த நேர மண்டலத்தில் என்று கவனியுங்கள். கலிபோர்னியாவில் உட்கார்ந்து "மாலை 4 மணி" என்று நினைத்தவருக்கு, கிழக்கு நேரத்தில் அது ஏற்கெனவே 7 மணி.

சுருக்கப்பட்ட ஜிப் கோப்புகளை அரசு அஞ்சல் அமைப்புகள் சத்தமில்லாமல் தடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஒரே பிடிஎஃப், சிறிய அளவு, முந்தைய நாளே அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று ஒரு வரி கேட்டு உறுதிசெய்யுங்கள். விலை, ஊழியர் பெயர் போன்ற ரகசியங்கள் உள்ள பக்கங்களில் மட்டும் வணிக ரகசியம் என்று குறியிடுங்கள். எல்லாப் பக்கத்திலும் போட்டால் அதிகாரி எதையும் தன் அறிக்கையில் சேர்க்கத் தயங்குவார்.

அனுப்பிய பிறகு

பதில் வராது. அதுவே வழக்கம், அதில் அர்த்தம் தேட வேண்டாம். சாம் தளத்தில் அந்த அறிவிப்பைப் பின்தொடருங்கள். திருத்தங்களும் அடுத்த அறிவிப்பும் உங்களுக்கு வரும். அந்தத் துறையின் சிறு நிறுவன அலுவலருக்கு, நீங்கள் பதில் அனுப்பியிருப்பதைச் சொல்லி இரண்டு மூன்று வரிகள் எழுதுங்கள். ஒதுக்கீடு பற்றிய உள் ஆவணத்தில் கையெழுத்திடுபவர்களில் அவரும் ஒருவராக இருப்பார். அறிவிப்பின் கால அட்டவணையில் ஆர்எஃப்பி மாதம் குறிப்பிட்டிருந்தும் சாமில் எதுவும் வரவில்லையென்றால், வேறு வாகனத்தின் வழியாகப் போய்விட்டதா என்று அவரிடமே கேட்கலாம்.

இதற்கெல்லாம் கட்டணமில்லாமல் உதவ ஏபெக்ஸ் ஆக்சிலரேட்டர்ஸ் என்ற மையங்கள் நாடெங்கும் இருக்கின்றன, முன்பு பிடேக் என்ற பெயரில் இருந்தவை. முதல் பதிலை அனுப்புவதற்கு முன் உங்கள் பகுதி மைய ஆலோசகர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். குறைந்தது 3 வேலை நாள் முன்பாகக் கொடுத்தால்தான் அவர் சொல்வதைத் திருத்த உங்களுக்கு நேரம் இருக்கும்.